காம்பஸ் பார்த்தவள்

மார்ச் 2

உங்களுக்கு,

நலம். நலமறிய ஆவல் இல்லை. ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

போனில் உங்கள் எண்ணை நிறுத்தி வைத்திருப்பதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. பேச ஆரம்பித்தால் முதலில் நீங்கள் கத்துவீர்கள், அப்புறம் நான் கத்துவேன், அதற்குள் அத்தை போனைப் பிடுங்கி அழ ஆரம்பிப்பார்கள். கடிதத்தை யாரும் நடுவில் பிடுங்க முடியாது. சொல்ல இருப்பதை எழுதுங்கள்.

இங்கே கயாக் துடுப்புப் படகுக் கிளப்பை நடத்துவது ஓர் அம்மாள். முன்பு நர்ஸாக இருந்தவர், பார்வையே ஊசி போடுவதுபோல் இருக்கும். "உங்க ஊரு கிளப்ல எதுக்கு உன்னை வழிகாட்டி வேலையில இருந்து எடுத்தாங்க?" என்று கேட்டார். மறைக்கவில்லை. மூடுபனியில் காம்பஸைத் தப்பாகப் படித்தேன், எனக்குப் பின்னால் நம்பி வந்த நாலு படகையும் பாறைமேல் கொண்டுபோய் விட்டேன், ஓர் ஆசிரியருக்குத் தோள் எலும்பு உடைந்தது, அதன்பின் ஒரு வருஷம் லைஃப் ஜாக்கெட் துவைக்கிற வேலையில் வைத்திருந்தார்கள், தாங்கமுடியாமல் ஊரையும் வீட்டையும் விட்டு வந்தேன் என்று சொன்னேன். "சரி. கலங்கரை விளக்கத் தீவுக்குத் தனியா போயிட்டு வா. போன், கருவி ஒண்ணும் கிடையாது. காம்பஸ் மட்டும். போய்ச் சேர்ந்தா வேலை உனக்கு" என்றார். ஏப்ரல் முதல் வாரம், கடல் அடங்கும்போது கிளம்புகிறேன். நடுவில் கொஞ்ச தூரத்துக்கு எந்தப் பக்கமும் கரை தெரியாது. தீவைத் தவறவிட்டால் அப்பால் வெறும் கடல்தான்.

இந்த வேலையும் போனால் எனக்குத் தெரிந்த தொழில் வேறு எதுவும் இல்லை. அது உங்களுக்குத் தெரியும்.

நம்முடையதுபோல இரட்டை இருக்கைப் படகு இல்லை, ஒற்றை ஆள் கயாக் ஒன்று பழையதாகக் கிடைத்தது. இப்போது காம்பஸ் வாங்கவேண்டும். கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று, படகின் மேல்புறத்தில், சாமான் வைக்கிற முன் அறையின் மூடியை ஒட்டி இருக்கிற பள்ளத்தில் திருகி உட்காரவைப்பது. வைத்தால் வைத்ததுதான். இன்னொன்று கொக்கியும் எலாஸ்டிக் கயிறுமாகக் கட்டிக்கொள்வது, எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். கடைக்காரர் பள்ளத்தில்தான் வைக்கச் சொல்கிறார். "மடிமேல வெச்சுக் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தா அலையில தலை சுத்தும்மா. தூரத்துல இருந்தா கடலையும் காம்பஸையும் ஒரே பார்வையில பார்க்கலாம்." அவர் சொல்வது நியாயம்தான். என் கண்தான் நியாயமாக இல்லை. இன்னும் முடிவு பண்ணவில்லை.

பரணில் சின்ன கேஸ் அடுப்பு, இரும்புச் சட்டி, ஸ்பானர் பெட்டி மூன்றும் இருக்கும். அனுப்பிவையுங்கள். தீவில் இரண்டு நாள் தங்கவேண்டும், அங்கே ஒன்றும் கிடைக்காது. முன் அறையில் வைத்துக்கொண்டு போகிறேன்.

வேறொன்றும் இல்லை.

*

மார்ச் 8

பிடிவாதத்துக்கென்றே பிறந்தவளுக்கு,

ஆவல் இல்லாவிட்டால் போகிறது, நானே சொல்கிறேன். நலமாக இல்லை. முட்டி வீங்கியிருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்டே கிடையாது என்பது உனக்குத் தெரியும். எது நின்றுபோனதோ அதைச் சரிபண்ண மாடி மாடியாக ஏறிப்போகிற பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவின் புலம்பலையும் சாப்பிடவேண்டும். "வீட்டுக்காரனை விட்டுட்டுப் படகை நம்பிப் போனவளாச்சே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்கள். நான் என்ன, வாயைத் தைக்கவா முடியும்?

தீவுக்குப் போகாதே. இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையென்று எழுதுவாய். இருக்கிறது. தாலி கட்டினவன் நான், அந்த நர்ஸம்மா இல்லை.

போயே தீருவேன் என்றால் ஒன்று கேள். அந்தப் பள்ளத்தில் வைக்கிற காம்பஸ் வேண்டவே வேண்டாம். கடைக்காரனுக்கு எதை விற்றால் லாபமோ அதைச் சொல்வான். கட்டிக்கொள்கிற வகையை வாங்கி முழங்காலுக்கு நேராக, உன் கைக்கு எட்டுகிற இடத்தில் கட்டு. தலை சுற்றினால் சுற்றட்டும். உன் கண்ணுக்கு அவ்வளவு தூரம் தெரியாது. கண் டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? கண்ணாடி போட்டும் உன்னால் அன்றைக்கு... சரி, அதை விடு. கிட்டே வை. இதில் மட்டுமாவது பிடிவாதம் பிடிக்காதே.

அடுப்பு, சட்டி எதையும் அனுப்பமாட்டேன். தீவுக்குப் போகிறாயா, விருந்து சமைக்கப் போகிறாயா? ரொட்டியும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு போ. சமைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் இங்கே ஓர் அடுப்பு சும்மாதான் கிடக்கிறது, வந்து சமை.

*

மார்ச் 13

உங்களுக்கு,

"கண்ணாடி போட்டும் உன்னால் அன்றைக்கு" என்று எழுதிப் பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள். அன்றைக்கு என்னிடம் கண்ணாடியே கிடையாது. அதற்கப்புறம்தான் வாங்கினோம். ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி உங்களுக்கே கதை குழம்பிவிட்டது.

அந்த ஒரு வருஷத்தை நான் மறக்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், யார் காபி டம்ளரைக் கையில் எடுத்தாலும், அத்தை ஆரம்பித்துவிடுவார்கள்: "என் மருமக வடக்குன்னு சொன்னா நீங்க தெற்கால போங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள், கொஞ்சம் தாமதமாக. "காம்பஸே தப்பா காட்டியிருக்கலாமே" என்று ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்கள் அத்தை. அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். கிளப் செயலாளர் மறுநாளே அந்தக் காம்பஸைச் சோதித்தாரே, சரியாகத்தானே காட்டியது. அப்புறம் நான் என்ன பேசமுடியும்?

இப்போது கேளுங்கள். காம்பஸைப் பள்ளத்தில்தான் வைத்தேன். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே போய் வாங்கினேன். அதுவரை கட்டுகிற வகைதான் வாங்குவதாக இருந்தேன். "உன் கண்ணுக்குத் தெரியாது" என்ற வரியைப் படித்ததும் முடிவு மாறிவிட்டது.

கடையில் மூன்றை எடுத்துவைத்தார்கள். ஒன்றின் எண் தட்டு, திருப்பினால் தயங்கித் தயங்கி வந்தது, கடன் கேட்கப் போகிறவன்போல. இன்னொன்றுக்குள் காற்றுக் குமிழி. மூன்றாவது நல்லது. படகு சாய்கிறமாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன், தட்டு மட்டும் சமமாகவே நின்றது. எண்கள் பெரியவை. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியபோதும் வாசிக்க முடிந்தது, அது எனக்கே ஆச்சரியம். திருகி, சுற்றிலும் பசை பூசி, இறுக்கியாயிற்று. இனிக் கழற்றுவதென்றால் உடைத்துத்தான் கழற்றவேண்டும்.

இரும்பைப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று கடைக்காரர் சொன்னார். "நாலு வருஷம் காம்பஸுக்குக் கீழேயே அடுப்பு, சட்டி, டின் எல்லாம் வெச்சுத்தான் போனோம். காம்பஸ் ஒண்ணும் பண்ணல. பார்த்தவ கண்ணுலதான் கோளாறு" என்றேன். அவரும் சிரித்தார். எல்லோரையும் சிரிக்கவைக்கிற ராசி எனக்கு.

உங்கள் அடுப்பும் சட்டியும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வேறு வாங்கிவிட்டேன். கனமானதையெல்லாம் முன் அறையில் போடவேண்டும் என்று நீங்கள் சொல்லித்தந்ததுபோலவே சட்டி, அடுப்பு, ஸ்பானர், டின் எல்லாம் முன்னால் அடுக்கப்போகிறேன். நன்றி.

*

மார்ச் 18

முன் அறையில் இரும்பு எதுவும் வைக்காதே. சட்டி, டின், ஸ்பானர் எதுவும் கூடாது. எல்லாவற்றையும் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற அறையில் போடு.

ஏன் எதற்கு என்று கேட்காதே. கடைக்காரன் சொன்னதைக் கேள். அவன்மேல் நான் போனதடவை சொன்னதை மறந்துவிடு, அவன் நல்லவன்தான்.

உன் போனுக்கு நாள் முழுக்க அடித்துப் பார்த்தேன். அம்மா போனிலிருந்தும், பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்தும் அடித்தேன். எத்தனை பேரைத்தான் நிறுத்தி வைப்பாய்? உன் கிளப்புக்கு அடித்தால் அந்த நர்ஸம்மா "அவங்க கடிதம்தான் வாங்குவாங்களாம்" என்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் திமிர் ஒரே கடையில் வாங்கினதுபோல.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வரி எழுது. வைக்கவில்லை என்று மட்டும் எழுது. கிளம்புவதற்கு முன்னால் எழுது.

*

மார்ச் 22

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

இரும்பை வைக்கவில்லை. அந்த ஒரு வரி உங்களுக்குக் கிடைத்துவிட்டது. இனி என் வரிகள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, சந்தேகம். ஒரு வருஷமாகக் கண், கண் என்று சொன்ன மனுஷன் திடீரென்று எதற்கு இரும்பு, இரும்பு என்கிறார்? படகுக் கொட்டகைக்குப் போனேன். முன் அறைக்குள் சட்டியையும் ஸ்பானர்களையும் வைத்தேன். என் கண்முன்னாலேயே தட்டு நகர்ந்தது. வெளியே எடுத்தேன், பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி நகர்ந்தது. சின்னக் குழந்தை கதவைத் திறந்து மூடி விளையாடுகிற மாதிரி எத்தனை முறை செய்தேனோ தெரியாது. கொட்டகையைப் பெருக்க வந்த அம்மா "என்னாச்சும்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டபோதுதான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்றே தெரிந்தது.

ஒரு சட்டிக்கும் ஸ்பானருக்குமே இவ்வளவு. ஆனால் சட்டியும் டின்னும் நாலு வருஷமும் இருந்தவைதான். நாம் எப்போதும் கரையைப் பார்த்தே போனோம், அதனால் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் தெரிந்திருக்காது. ஆனால் அன்றைக்கு மூடுபனியில் நாம் கொஞ்சமாகவா விலகினோம்? துறைமுகத்து வாயை விட்டுப் பாறைக்கே போனோம். சட்டி மட்டும் அந்த வேலையைப் பண்ணாது.

கடைசி சீசனை நினைத்துப் பார்த்தேன். அதுவரை நீங்கள் பின் இருக்கையில் உட்கார்ந்தாலே என் பக்கம் படகின் மூக்கு வானத்தைப் பார்க்கும். கிளப் பையன்கள் உங்களுக்கு 'நங்கூரம்' என்று பெயர் வைத்தார்கள். அந்த சீசனில் படகு திடீரென்று சமமாக மிதந்தது. "எடை குறைஞ்சிருக்கேன், பார்த்தியா?" என்றீர்கள். நானும் நம்பினேன். உங்கள் சட்டைப் பொத்தான்கள் மட்டும் நம்பவில்லை. அதே சீசனிலிருந்துதான் முன் அறையை என்னைத் தொடவிடவில்லை. தூக்கும்போது, "நீ பின்னாடி பிடி, முன்பக்கத்தை நான் பார்த்துக்கறேன்" என்றீர்கள். அக்கறை என்று நினைத்தேன். என்ன மனுஷன் என்று பெருமைகூடப் பட்டேன். முன் அறையில் நீங்கள் வைக்கிற துணிப்பையில் துருக்கறை வந்தபோது சோடா போட்டு நானே துவைத்தேன்.

கல்யாணமான புதிதில் எனக்குப் பாடம் நடத்தினீர்களே. லிஃப்ட் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இரும்புக் கட்டிகள் இறங்கும், அந்தக் கவுண்டர் வெயிட் இல்லாவிட்டால் எந்த லிஃப்டும் நகராது என்று. உங்களைச் சமப்படுத்த அந்தக் கட்டிகளைத்தானே கொண்டுவந்து என் காம்பஸுக்குக் கீழே வைத்தீர்கள்? உலகத்தில் வேறு எவனுக்காவது இப்படி ஒரு யோசனை வருமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இரும்பைத் துணிக்குள் மறைத்தவனோடு குடித்தனமே பண்ணியிருக்கிறேன்.

அத்தையிடம் சொல்லுங்கள். கூடம் கோணல்தான். கோணலாக்கினது அவர்கள் பெற்ற பிள்ளை.

வைத்தது முட்டாள்தனம். அதற்காக நான் உங்களைக் கொல்லமாட்டேன். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தெரியவேண்டும். ஆஸ்பத்திரியில் அந்த ஆசிரியரின் மனைவி, "கண்ணு தெரியாதவளுக்கு எதுக்குக் கடல்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். நீங்கள் பழப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றீர்கள். அந்த ஒரு வார்த்தையால்தான் கண் டாக்டரிடம் போனேன். "சின்ன பவர்தான், வேணும்னா போடுங்க" என்றார் அவர். வேணும் என்று நானே கேட்டு வாங்கினேன், ஏனென்றால் என் கண்தானே தப்பு பண்ணியது. கண்ணாடிக் கடையில் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃப்ரேமாக என் முகத்தில் மாட்டிப் பார்த்தீர்கள். "இது உனக்கு அழகா இருக்கு" என்றீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. இரும்புதான் காரணம் என்று உங்களுக்கு எப்போது தெரியும்? கண்ணாடிக் கடைக்கு முன்பா, பின்பா?

*

மார்ச் 27

ஆமாம், வைத்தேன். போதுமா?

நங்கூரம், நங்கூரம் என்று உன் வயதில் பாதிகூட ஆகாத பையன்கள் கூப்பிட்டபோது நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். செயலாளர் எல்லார் முன்னாலும், "சார் ஏறினா படகு ராக்கெட் மாதிரி நிக்குது" என்றார். அதற்கும் சிரித்தாய். வலிக்காது என்று நினைத்தாயா? உடம்பு பெரிசாக இருந்தால் தோலும் தடிமனாக இருக்கும் என்று எல்லோருக்கும் நினைப்பு. ஒர்க்‌ஷாப்பில் உடைந்த கட்டிகள் கிடந்தன, கொண்டுவந்தேன். படகு நேராக நின்றது. அன்றைக்கு ஒருத்தனும் சிரிக்கவில்லை. அந்தச் சந்தோஷம் உனக்குப் புரியாது, நீ ஏறினால் எந்தப் படகும் சாயாது.

காம்பஸைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. காம்பஸ் பார்க்கிறது உன் வேலை. சுக்கான் பிடிக்கிறது என் வேலை. நீ சொன்ன திசையில் திருப்பினேன், அவ்வளவுதான். நீ வழிகாட்டி, பாதியிலேயே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? அலைச் சத்தம் தப்பான பக்கத்திலிருந்து வருகிறதென்று உனக்குத் தோன்றவில்லையா?

அப்புறம் நான் என்ன சும்மாவா இருந்தேன்? ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது யார்? நீ தூங்காமல் புரண்ட நாளெல்லாம் பக்கத்தில் விழித்துக்கொண்டு கிடந்தது யார்? அந்த ஆசிரியரால் இன்னும் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்க முடியவில்லையாம். அதைக் கேட்டால் எனக்கு மட்டும் சோறு இறங்குமா? அவர் தெருப் பக்கமே நான் போவதில்லை, அடுத்த தெரு லிஃப்டுக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

நான் அவ்வளவு கெட்டவன் என்றால் உனக்கு எதற்கு எழுதினேன்? பேசாமல் இருந்திருக்கலாம். நீ சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாய், ரகசியம் என்னோடு இருந்திருக்கும். எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்தேதான் எழுதினேன். அதையும் கணக்கில் வை.

செயலாளரிடம் தனியாக, பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். திரும்ப வேலை வாங்கித் தருகிறேன். தீவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கு வா.

*

மார்ச் 31

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் கேட்டதற்குப் பதில் அதில் இல்லை.

நான் சிரித்தது உண்மை. உங்களுக்கு வலித்திருக்கும் என்று நினைக்காதது என் தப்பு. நீங்கள் எழுதினதால்தான் நான் பிழைத்தேன் என்பதும் உண்மைதான். ஆனால் கண், கண் என்ற உங்கள் பேச்சை நம்பித்தான் இரும்பைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதைக் கேட்காமல் விட்டேன் என்பதையும் அதோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அலைச் சத்தம் தப்பான பக்கத்திலிருந்து வருகிறதென்று எனக்குத் தோன்றியது. உங்களிடம் சொன்னேன். "காம்பஸ் என்ன சொல்லுதோ அதைச் சொல்லு, உன் காதை யார் கேட்டா?" என்றீர்கள்.

வியாழக்கிழமை கிளம்புகிறேன். முன்பா, பின்பா?

*

ஏப்ரல் 4

முன்பு.

அன்றைக்குச் சாயங்காலமே. ரோந்துப் படகு நம்மை இழுத்துக்கொண்டு வந்து கரையில் விட்டதும் நீ ஆசிரியரோடு ஆம்புலன்ஸ் பக்கம் ஓடினாய். நான் முன் அறையைத் திறந்து பையை வெளியே தூக்கினேன். தூக்கும்போதே மேலே காம்பஸ் தட்டு சுழன்றது. பையைக் கீழே வைத்தேன், அது வேறு திசையில் போய் நின்றது. யாரும் பார்க்கவில்லை. பையைக் கார் டிக்கியில் போட்டேன். அதற்குள் செயலாளர் வந்து, "காம்பஸ் பார்த்தது யாரு?" என்று கேட்டார். நீ அங்கிருந்தே "நான்தான் சார்" என்றாய். நான் வாயைத் திறக்குமுன் நீ சொல்லிவிட்டாய். அப்புறம் திறக்க முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று போய்விட்டது.

கண்ணாடிக் கடையிலும் சொல்ல நினைத்தேன். அந்த ஃப்ரேம் உனக்கு நன்றாகத்தான் இருந்தது, அது பொய்யில்லை.

எனக்கு லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் நேற்றே கிளப்புக்குப் போனேன். எல்லோரும் படகைக் கழுவிவிட்டு டீ குடிக்கிற நேரம். தனியாகச் சொல்லவில்லை, நடுவில் நின்று சொன்னேன். ஒரு பையன், "சார், அப்போ நீங்க எத்தனை கிலோ, அந்த இரும்பு எத்தனை கிலோ?" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செயலாளருக்குப் புரையேறிவிட்டது. எனக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம்போல இருந்தது. நான் உயிரைக் கொடுத்துச் சொன்னதை அவர்கள் ஜோக்காக்கிவிட்டார்கள். கடைசியில் செயலாளர் முதுகில் தட்டி, "மனுஷன்னா தப்பு பண்றது சகஜம் சார், விடுங்க" என்றார். உன் பெயரை வழிகாட்டிகள் பலகையில் திரும்ப எழுதிவிட்டார்கள்.

அம்மாவிடமும் சொன்னேன். தட்டில் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று. எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். எப்போது வருகிறாய்?

*

ஏப்ரல் 11

உங்களுக்கு,

தீவிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தபோது உங்கள் கடிதம் கிடந்தது. பதிலைத் தெரிந்துகொள்ளாமலேதான் கிளம்பிப் போயிருக்கிறேன். தெரிந்திருந்தாலும் கிளம்பியிருப்பேன்.

எப்படிப் போனேன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானே சொல்கிறேன். காற்று இல்லை, கடல் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி இருந்தது. பின்னால் கரை மறைகிறவரைக்கும் நன்றாகப் போனேன். மறைந்ததும் எல்லாப் பக்கமும் ஒரே வெளுப்பு. காம்பஸ் ஓர் எண்ணைக் காட்டியது. போகவேண்டிய எண்ணும் அதுதான். முன் அறையில் துணியைத் தவிர ஒன்றும் இல்லை, இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். எல்லாம் சரி. ஆனால் என்னால் அந்த எண்ணை நம்ப முடியவில்லை. சரியாகத்தான் படிக்கிறேனா என்று மறுபடி பார்த்தேன். கண்ணாடியோடு பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்தேன். என் குரலையே நம்ப முடியவில்லை. துடுப்பை மடியில் போட்டுவிட்டு நடுக்கடலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திரும்பவும் தோன்றவில்லை, போகவும் தோன்றவில்லை. இது நீங்கள் எனக்குச் செய்தது. பாறைமேல் விட்டது இரும்பு, ஒத்துக்கொள்கிறேன். இதைச் செய்தது இரும்பு இல்லை.

எவ்வளவு நேரமென்று தெரியாது. கடைசியில் உங்கள்மேல் வந்த ஆத்திரத்தில்தான் துடுப்பைக் கையில் எடுத்தேன். அசிங்க அசிங்கமாக உங்களைத் திட்டிக்கொண்டே போட்டேன். கடலில் யாரும் இல்லை, கூச்சப்படவேண்டிய அவசியம் இல்லை. திட்டு தீர்வதற்குள் கலங்கரை விளக்கத்தின் தலை தெரிந்தது. நேர் எதிரே. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

வேலை கிடைத்துவிட்டது. நர்ஸம்மா ஒன்றும் பாராட்டவில்லை, சாவியைக் கொடுத்து, "காலையில ஏழு மணிக்கெல்லாம் கொட்டகையைத் திறந்துடணும்" என்றார். அங்கே பலகையில் எழுதின என் பெயரை அழித்துவிடச் சொல்லுங்கள். நான் வரப்போவதில்லை. இப்போது இல்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். அப்படி எழுதினால் நீங்கள் தேதி கேட்பீர்கள்.

எல்லோரும் மன்னித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் என்றால் யார்? டீ குடித்துக்கொண்டிருந்தவர்களா? அவர்களுக்கு என்ன போச்சு? நீங்கள் பயந்தது அவர்கள் சிரிப்புக்கு. அந்தச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டீர்கள், உங்களுக்கு அது கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போகவேண்டிய வீடு ஒன்று அப்படியே இருக்கிறது. அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதானே போகிறீர்கள்?

இனிச் சுற்றாதீர்கள். நேராகப் போங்கள். பழப்பை எதுவும் வேண்டாம். கையைத் தூக்க முடியாத அந்த மனுஷர் முன்னாலும், அவர் மனைவி முன்னாலும் நின்று, "காம்பஸ் பார்த்தவ சரியாத்தான் பார்த்தா" என்று சொல்லுங்கள். கிளப்பில் சொன்னதுபோலவே முழுக்கச் சொல்லுங்கள், எத்தனை கிலோ என்பதுவரைக்கும்.

அங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள்.